இரண்டாவது டெங்குதான் மோசம் என்றால், முதல் டெங்குவில் வந்த ஆன்டிபாடி என்ன செய்கிறது?

குரோம்பேட்டை அப்பா | செவ்வாய், இரவு 10.12

வணக்கம். மகளுக்கு வயது 11. ஞாயிறு காலை காய்ச்சல் ஆரம்பித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள், சாப்பாடு இறங்கவில்லை. இன்று ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட்டில் மூன்று வரி: என்எஸ்1 பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ். பிளேட்லெட் 1,40,000. டாக்டர் பார்த்துவிட்டு, "இது இரண்டாவது தடவை மாதிரி தெரிகிறது. காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அப்போதுதான் கவனம் வேண்டும்" என்றார். நிறையத் தண்ணீர் கொடுங்கள், பாராசிட்டமால் தவிர வேறு எதுவும் வேண்டாம், வியாழன் மறுபடி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

குழப்பம் இரண்டு. அவளுக்கு இதற்கு முன் டெங்கு வந்ததே இல்லை. வந்திருந்தால் எங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அப்புறம், ஐஜிஜி இருந்தால் எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்றுதானே கொரோனா சமயத்தில் சொன்னார்கள்? நானே காசு கொடுத்து டெஸ்ட் எடுத்து, நம்பர் அதிகமாக வந்ததைக் குடும்ப குரூப்பில் போட்டுப் பெருமைப்பட்டவன். இங்கே அதே ஐஜிஜியைப் பார்த்து டாக்டர் ஏன் முகம் சுளிக்கிறார்?

ஸ்லைடு சரசு | செவ்வாய், இரவு 10.40

தம்பி, முதலில் குழந்தை சிறுநீர் சரியாகப் போகிறாளா என்று பாருங்கள். அதுதான் இன்றிரவு முக்கியம். மற்றதை அப்புறம் பேசலாம்.

லேபில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். உங்கள் மகளுக்குப் போட்டது அநேகமாக கார்டு டெஸ்ட். ஒரே அட்டையில் இரண்டு குழி இருக்கும். ஒன்று என்எஸ்1 பார்க்க, அது வைரஸே வெளியே விடும் புரதம், காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்தே தெரியும். இன்னொன்று ஆன்டிபாடிக்கு, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு செய்யும் புரதத்துக்கு. ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் அதன் வகைகள். அதில் துளி சீரம் விட்டு, மேலே பஃபர் விட்டு, பதினைந்து இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். கோடு ஏறி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்து "அட, மங்கலாக ஒரு கோடு இருக்கே" என்று பாசிட்டிவ் எழுதுகிற ஆட்களும் உண்டு. மழைக்கால நெரிசலில் அது நடக்கிறது, மறைப்பதற்கில்லை.

கணக்கு இப்படி. முதல் தடவை டெங்கு வந்தால் நாலாவது ஐந்தாவது நாள் ஐஜிஎம் வரும். ஐஜிஜி மெதுவாக, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். மூன்றாம் நாளே ஐஜிஎம் இல்லாமல் ஐஜிஜி கோடு தெரிகிறது என்றால், உடம்பு இந்த வைரஸையோ அதன் உறவுக்காரனையோ முன்பே பார்த்திருக்கிறது என்று அர்த்தம். சில கார்டுகளில் ஐஜிஜி கோட்டை வேண்டுமென்றே இரண்டாம் தொற்று அளவுக்கு வந்தால்தான் தெரியும்படி வைத்திருப்பார்கள். அதனால்தான் டாக்டர் அப்படிச் சொல்லியிருப்பார்.

ஆனால் கார்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. அரசுக் கணக்கில் எலிசா என்ற லேப் பரிசோதனை செய்தால்தான் உறுதி. ஐஜிஎம் எலிசா கிட் புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்திலிருந்து (என்ஐவி) வரும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கும் டெங்கு ஐஜிஜி கொஞ்சம் காட்டலாம், இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ். விழுப்புரம், கடலூர் பக்கம் குழந்தைகளுக்கு அந்த ஊசி போடுகிறார்கள். உங்கள் மகளுக்கு அது போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கொல்லிமலைத் தேன் | செவ்வாய், இரவு 10.55

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர் இரண்டும் கொடுங்கள். பிளேட்லெட் இரண்டு நாளில் ஏறிவிடும்.

ஸ்லைடு சரசு | செவ்வாய், இரவு 11.02

ஏற்கெனவே சாப்பாடு இறங்காத குழந்தைக்குக் கசப்பைக் கொடுத்து வாந்தியை வரவழைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். உப்புக்கரைசல், இளநீர், கஞ்சி போதும். பிளேட்லெட் தானாகவே ஏறும், ஏறுகிற நாளில் யார் எதைக் கொடுத்தார்களோ அவர்களுக்குப் பெயர்.

பழைய வைரஸ்காரன் | புதன், காலை 6.20

குரோம்பேட்டை அப்பா, உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த நேரத்தில் எழுந்து டைப் அடிக்கிறேன். வைரஸ் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் ஓட்டியவன். என் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போனது.

முதல் கேள்விக்குச் சுருக்கமாக. முதல் டெங்கு பெரும்பாலும் தெரியாமலேயே போகும். சும்மா இரண்டு நாள் காய்ச்சல், "வைரல் ஃபீவர்" என்று மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியிருப்பீர்கள். அதுவும் இல்லாமல் போகலாம். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று 2017-18-இல் 15 மாநிலங்களில் 12,300 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தது. 5 முதல் 45 வயது வரை. தென்னிந்தியாவில் நூற்றுக்கு 76.9 பேரிடம் டெங்கு ஐஜிஜி. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 48.7. அவர்களில் எத்தனை பேர் "எனக்கு டெங்கு வந்தது" என்று சொல்லியிருப்பார்கள்? சென்னை மட்டும் தனியாக எடுத்த இன்னோர் ஆய்வில் 93 சதவீதம் வந்தது. ஆகவே உங்கள் மகளுக்கு ஏற்கெனவே வந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை.

இனி ஐஜிஜி. டெங்கு என்பது ஒரு வைரஸ் அல்ல, நான்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றே பெயர். வேலூரில் 1960-களிலேயே நான்கையும் பிரித்தெடுத்துவிட்டார்கள், புதிதாக வந்த விருந்தாளி எதுவும் இல்லை. நான்கும் பார்வைக்கு ஒரே ஜாடை, ஆனால் அச்சு அசல் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆல்பர்ட் சேபின், பின்னாளில் போலியோ சொட்டு மருந்தால் பெயர் பெற்றவர், தன்னார்வலர்களுக்கு டெங்குவை ஏற்றிப் பார்த்தார். ஒரு வகை வந்தவருக்கு அதே வகை மறுபடி வரவில்லை. வேறு வகையை ஏற்றினால், முதல் இரண்டு மூன்று மாதம் தடுத்தது, அதற்கப்புறம் தடுக்கவில்லை.

இந்த "அதற்கப்புறம்" தான் சிக்கல்.

1950-களில் மணிலாவிலும் பாங்காக்கிலும் குழந்தைகள் ரத்தக்கசிவும் அதிர்ச்சியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து பாங்காக் வந்த ஸ்காட் ஹால்ஸ்டெட், 1960-களில் அந்தக் குழந்தைகளின் ரத்தத்தை வரிசையாகப் பார்த்தார். கடுமையாக விழுந்தவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, இரண்டாவது முறை டெங்கு வந்த பிள்ளைகள். இன்னொன்று, ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைகள், அவர்களுக்கு அது முதல் டெங்கு. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக என்ன இருந்தது? ஆன்டிபாடி. பெரிய பிள்ளைகளுக்குச் சொந்தமாகச் சம்பாதித்தது. கைக்குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்தது. எனக்குத் தெரிந்து தொற்றுநோய் வரலாற்றில் இவ்வளவு அழகான துப்பறிதல் குறைவு.

குரோம்பேட்டை அப்பா | புதன், காலை 8.05

ஐயா, மிக்க நன்றி. ராத்திரி நன்றாகத் தூங்கினாள். காய்ச்சல் 101. சிறுநீர் ஐந்து தடவை போனாள் சரசு அக்கா.

ஆனால் இன்னும் புரியவில்லை. தட்டம்மை ஒரு தடவை வந்தால் ஆயுசுக்கும் வராது என்கிறார்கள். அங்கே நல்லது செய்கிற அதே ஆன்டிபாடி இங்கே ஏன் எதிரிக்குக் கதவு திறக்கிறது?

பழைய வைரஸ்காரன் | புதன், காலை 9.15

தட்டம்மைக்கு நல்ல கதை ஒன்று உண்டு. 1846-இல் வட அட்லாண்டிக்கில் ஃபரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கிருந்த சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க்கிலிருந்து அனுப்பப்பட்ட பனூம் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். அதற்கு முன் அங்கே தட்டம்மை வந்தது 1781-இல். அப்போது வந்து பிழைத்த கிழவர் கிழவிகளில் ஒருவருக்குக்கூட 65 வருஷம் கழித்து மறுபடி வரவில்லை. ஆன்டிபாடி என்ற சொல்லே இல்லாத காலம் அது.

தட்டம்மை வைரஸ் எத்தனை தலைமுறை ஆனாலும் ஒரே முகத்தோடு வரும். ஆகவே பழைய ஆன்டிபாடி சரியாகப் பொருந்தும். டெங்குவில் முதல் வகைக்குச் செய்த ஆன்டிபாடி இரண்டாம் வகையின் மேல் போய் ஒட்டும், ஆனால் முடக்காது. ஒட்டுவது வேறு, முடக்குவது வேறு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஒய் எழுத்து மாதிரி ஆன்டிபாடிக்கு இரண்டு கை, ஒரு வால். கை வைரஸைப் பிடிக்கும். அந்த வாலைப் பிடித்து இழுத்து விழுங்குவதற்கென்றே நம் ரத்தத்தில் மோனோசைட், திசுக்களில் மேக்ரோஃபேஜ் என்று துப்புரவு செல்கள் இருக்கின்றன. சாதாரணமாக அது நல்ல ஏற்பாடு, விழுங்கியதைச் செரித்துவிடும். டெங்கு வைரஸுக்கோ அந்தத் துப்புரவு செல்தான் பிடித்த வீடு. அதற்குள் புகுந்துதான் பெருகும். அரைகுறையாக ஒட்டிய ஆன்டிபாடி, வாலை நீட்டி, வைரஸை உயிரோடு உள்ளே கொண்டு போய் விட்டுவிடுகிறது. வைரஸ் எண்ணிக்கை எகிறுகிறது. பிறகு உடம்பு காட்டும் ஆவேசத்தில் ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து, பிளாஸ்மா என்ற ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போகிறது. பிளேட்லெட் குறைவதைவிட இந்தக் கசிவுதான் ஆளைச் சாய்க்கும்.

இன்னொரு பக்கம், உடம்பின் ஞாபக செல்களும் பழைய பாடத்தையே ஒப்பிக்கின்றன. புது வகை வந்தாலும் பழைய வகைக்கான ஆன்டிபாடியைத்தான் அள்ளிக் கொட்டும். சரசு சொன்ன மூன்றாம் நாள் ஐஜிஜி கோடு அதுதான்.

மனிதர்களிடம் இதற்குப் பெரிய சாட்சி கியூபா. 1977-இல் அங்கே முதல் வகை பரவியது. 1981-இல் இரண்டாம் வகை. 3,44,203 பேருக்கு நோய், 158 சாவு, அதில் 101 குழந்தைகள். பிறகு கொசுவை ஒழித்து நாட்டையே சுத்தமாக வைத்திருந்தார்கள். 1997-இல் சாந்தியாகோ தே கூபா நகரில் மறுபடி இரண்டாம் வகை வந்தது. இந்த முறை கடுமையாக விழுந்தவர்கள் வளர்ந்தவர்கள். ஏனென்றால் 1977-இல் முதல் வகையைப் பார்த்தவர்கள் அவர்கள்தான், அப்புறம் பிறந்த பிள்ளைகளுக்கு ஆன்டிபாடியே கிடையாது. மரியா குஸ்மான் குழுவினர் இதை எழுதியபோது இன்னொன்றும் சொன்னார்கள்: நான்கு வருஷ இடைவெளியைவிட இருபது வருஷ இடைவெளி மோசமாக இருந்தது.

சந்தேகராமன் | புதன், மதியம் 1.30

பெரியவரே, கதை நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். கியூபாவில் இரண்டு தடவையும் கொன்றது இரண்டாம் வகை. அந்த வகையே வீரியமானதாக இருந்திருக்கலாமே? ஆன்டிபாடியை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

பழைய வைரஸ்காரன் | புதன், மதியம் 3.10

நல்ல கேள்வி. இதே கேள்வியை வைத்து இந்தத் துறையில் இரண்டு தலைமுறை சண்டை போட்டது. உங்கள் பக்கத்துக்கு நானே ஆதாரம் தருகிறேன். பெருவில் இக்கித்தோஸ் என்று அமேசான் கரை ஊர். 1990 வாக்கில் முதல் வகை வந்தது. 1995-இல் இரண்டாம் வகை வந்தது. கியூபா கணக்குப்படி ஆஸ்பத்திரிகள் நிரம்பியிருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. அங்கே வந்தது இரண்டாம் வகையின் அமெரிக்கக் கிளை, கியூபாவுக்கு வந்தது ஆசியக் கிளை. ஆகவே வைரஸின் குணமும் கணக்கில் உண்டு. ஆன்டிபாடி மட்டுமே காரணம் என்று சொல்பவர் பாதிதான் படித்திருக்கிறார்.

ஆனால் 1997-இல் ஒரே ஊரில், ஒரே வைரஸ், வளர்ந்தவர்களை வீழ்த்திப் பிள்ளைகளை விட்டது ஏன்? வீரியத்தை வைத்து மட்டும் அதை விளக்க முடியாது.

கடைசியில் இதை ஓரளவு முடித்து வைத்தது நிகராகுவா. மனாகுவாவில் 2004-லிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ரத்தம் எடுத்து வைக்கிறார்கள். நோய் வருவதற்கு முன் எடுத்த ரத்தம் கையில் இருப்பதுதான் இதில் விசேஷம். ஈவா ஹாரிஸ், லியா கேட்சல்னிக் குழு 2017-இல் வெளியிட்ட முடிவு: டெங்கு ஆன்டிபாடி துளியும் இல்லாத பிள்ளைக்கு ஆபத்து குறைவு. நிறைய இருக்கிற பிள்ளைக்கும் குறைவு. நடுவில், 1-க்கு 21 முதல் 1-க்கு 80 வரை நீர்த்தாலும் தெரிகிற அளவில் இருந்த பிள்ளைகளுக்கு, கடுமையான டெங்கு வரும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல். அந்த முடிவின் வரைபடத்தை முதலில் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன். ஹால்ஸ்டெட் ஐம்பது வருஷம் முன்பு ஊகித்தது கோடாக நின்றது.

கியூபாவின் இருபது வருஷக் கதையும் இதோடு ஒத்துப் போகிறது. நிறைய இருந்த ஆன்டிபாடி மெல்லக் கரைந்து அந்த நடு ஜன்னலுக்குள் வந்து விழ நேரம் வேண்டும்.

நல்லூர்ப் பாட்டி | புதன், மாலை 6.45

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஆன்டிபாடி என்று நீங்கள் சொல்வதை நாங்கள் பள்ளியில் பிறபொருளெதிரி என்றுதான் படித்தது. 2017-இல் இலங்கையில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல் டெங்கு நோயாளிகள், அப்போது என் மகளும் வைத்தியசாலையில் ஒரு கிழமை கிடந்தவள். இப்போது அவளுக்கு ஏழு மாதப் பிள்ளை. ஐயா கைக்குழந்தை என்று எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. தாயின் பிறபொருளெதிரி பிள்ளைக்குக் கேடு என்றால் தாய்ப்பாலை நிறுத்த வேணுமா?

பழைய வைரஸ்காரன் | புதன், மாலை 7.05

அம்மா, தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். நான் சொன்ன ஐஜிஜி பாலில் வந்ததல்ல, பிறப்பதற்கு முன்பே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்தது. பாலில் பெரும்பாலும் ஐஜிஏ என்ற இன்னொரு வகை, அதன் வேலை வேறு.

பிறந்தவுடன் குழந்தையிடம் தாய்க்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ ஐஜிஜி இருக்கும். முதல் சில மாதம் அது காப்பு. மாதா மாதம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆறு முதல் எட்டு மாத வாக்கில் நிகராகுவா சொன்ன அந்த நடு அளவுக்கு வரும். ஒரு வயதில் ஏறக்குறைய கரைந்துவிடும். ஆகவே உங்கள் பேரப்பிள்ளைக்கு இந்தச் சில மாதம் பகலிலும் கொசுவலை கட்டுங்கள், இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். காய்ச்சல் வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் அன்றே வைத்தியரிடம் போங்கள். அவ்வளவுதான். கைக்குழந்தைகளிலும் டெங்கு வந்த எல்லாரும் கடுமையாக விழுவதில்லை.

நல்லூர்ப் பாட்டி | புதன், மாலை 7.20

நன்றி ஐயா. வலை நாளைக்கே வாங்குகிறேன்.

சந்தேகராமன் | புதன், இரவு 9.00

சரி, ஆன்டிபாடிக் கதையை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் தடுப்பூசி என்பதே ஆன்டிபாடியை உண்டாக்குவதுதானே? பிலிப்பைன்ஸில் குழந்தைகளுக்கு டெங்கு ஊசி போட்டு என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். இதைச் சொன்னால் மட்டும் நம்மை முட்டாள் என்பார்கள்.

தவாவோ டாக்டர் | புதன், இரவு 11.30

முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் நான் அங்கேதான் இருந்தேன். நம்மூர்ப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் டாக்டருக்குப் படிக்கப் போகும் தவாவோவில் 2016 முதல் 2021 வரை படித்தேன்.

டெங்வாக்ஸியா என்பது சனோஃபி நிறுவனத்தின் ஊசி. மூன்று தவணை, ஆறு மாத இடைவெளி. 2015 டிசம்பரில் மெக்சிகோ முதலில் அனுமதித்தது. 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிகளில் ஆரம்பித்தது. ஒன்பது வயதும் அதற்கு மேலும் உள்ள 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் குறைந்தது ஒரு தவணை போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பர் கடைசியில் சனோஃபியே அறிவித்தது: ஏற்கெனவே டெங்கு வந்தவருக்கு இது காப்பு, வராதவருக்குப் போட்டால் பிற்பாடு கடுமையான டெங்கு வரும் ஆபத்து கூடுகிறது. வராதவர் ஆயிரம் பேருக்குப் போட்டால் ஐந்து வருஷத்தில் கூடுதலாக ஐந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், இரண்டு பேருக்கு நோய் கடுமையாகும் என்பது கணக்கு. ஏற்கெனவே வந்தவர் ஆயிரம் பேருக்குப் போட்டால் பதினைந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போவது தவிர்க்கப்படும்.

அதாவது, டெங்குவே பார்க்காத உடம்புக்கு இந்த ஊசி ஒரு "முதல் டெங்கு" மாதிரி ஆனது. அடுத்து வருகிற நிஜ டெங்கு, இரண்டாவது மாதிரி நடந்துகொண்டது. இது வந்த பிறகு தெரிந்த சங்கதி மட்டும் இல்லை. சோதனையில் ஊசி போட்ட 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு மூன்றாம் வருஷத்தில் ஆஸ்பத்திரி சேர்க்கை பல மடங்கு கூடியது 2015-லேயே அச்சில் வந்துவிட்டது. அதை வயது சம்பந்தப்பட்டது என்று எடுத்துக்கொண்டு ஒன்பது வயதில் கோடு போட்டார்கள். ஹால்ஸ்டெட் போன்றவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். ஆகவே சந்தேகராமனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் முடிந்தது என்பதையும் பார்த்தேன். அந்த ஊசித் திட்டம் பெரும்பாலும் மணிலா, மத்திய லூசோன் பக்கம்தான் நடந்தது, எங்கள் தீவுக்கு வரவே இல்லை. பயம் மட்டும் வந்தது. சுகாதார நிலையத்தில் தட்டம்மை ஊசியோடு உட்கார்ந்திருப்போம். தாய்மார்கள் வாசல் வரை வந்து, "இது டெங்வாக்ஸியாவா?" என்று கேட்டுத் திரும்பிப் போவார்கள். "தடுப்பூசி முக்கியம்" என்று உறுதியாகச் சொன்னவர்கள் 2015-இல் நூற்றுக்கு 93 பேர், 2018-இல் 32. தட்டம்மை ஊசி போடுவது அதற்கு முன்பே குறைந்துகொண்டுதான் வந்தது, எல்லாப் பழியையும் இதன் மேல் போட முடியாது. இருந்தாலும் 2019-இல் தட்டம்மை 40,000 பேருக்கு மேல் பிடித்தது, 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். ஒரே கட்டிலில் மூன்று குழந்தைகள், கண்ணெல்லாம் சிவந்து. ஒரு ஊசி தடுத்திருக்கும்.

சந்தேகராமன் | வியாழன், காலை 7.40

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி டாக்டர். ஆனால் பரிசோதனையில் இது ஏன் தெரியவில்லை? ஆன்டிபாடியை அளந்துதானே இருப்பார்கள்?

பழைய வைரஸ்காரன் | வியாழன், காலை 9.50

அளந்தார்கள். எந்தத் தட்டில் அளந்தார்கள் என்பதில்தான் விஷயம். இதை நான் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளாஸ்டிக் தட்டில் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் குரங்கின் சிறுநீரகச் செல்களை ஒரே அடுக்காக விரிப்பு மாதிரி வளர்த்திருப்போம். நோயாளியின் சீரத்தை 1-க்கு 10, 20, 40, 80 என்று நீர்த்து, ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை தெரிந்த வைரஸைக் கலந்து ஒரு மணி நேரம் வைத்து, விரிப்பின் மேல் ஊற்றுவோம். மேலே கெட்டியான கூழ் ஒன்று விட்டு மூடி, ஐந்தாறு நாள் வெப்பப் பெட்டியில் வைத்துவிட்டு, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால், உயிருள்ள செல் ஊதாவாக நிற்கும், வைரஸ் தின்ற இடம் வெள்ளைப் பொத்தலாகத் தெரியும். பொத்தலை எண்ண வேண்டும். எந்த அளவு நீர்த்தபோது பொத்தல் பாதியாகக் குறைகிறதோ அதுதான் அந்த ஆளின் எண். கண் பூத்துப் போகும். சில நாள் வீட்டுக்கு வந்து தோசையில் ஓட்டையைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றும்.

அந்தக் குரங்குச் செல்லுக்கு ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கிற கொக்கி கிடையாது. ஆகவே ஆன்டிபாடி வைரஸை உள்ளே இழுத்துப் போகும் வேலை அந்தத் தட்டில் நடக்கவே முடியாது. நல்லது செய்வது மட்டும் தெரியும், கெட்டது தெரியாது. கொக்கி உள்ள வேறு செல்லில் செய்தால் அதே சீரம், கொஞ்சமாக நீர்த்தால் வைரஸைத் தடுக்கும், இன்னும் நீர்த்தால் வளர்க்கும். ஒரே குழாய் ரத்தம். நானே செய்து பார்த்த அன்று, குழியை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று நினைத்து மறுபடி செய்தேன்.

இன்னொன்று, எண் பொதுவானது. நான்கு வகைக்கும் தனித்தனியாக ஆன்டிபாடி வந்ததா, ஒரு வகைக்கு வந்தது மற்ற மூன்றின் மேலும் லேசாக ஒட்டுகிறதா என்று அந்த எண் சொல்லாது. டெங்வாக்ஸியாவில், முன்பு டெங்கு வராதவர்களிடம் உருப்படியாக வந்தது பெரும்பாலும் நான்காம் வகைக்குத்தான் என்று பிற்பாடு பிரித்துப் பார்த்துக் கண்டார்கள். 2012-இல் தாய்லாந்தின் ராட்சபுரியில் நடந்த சோதனையே மணி அடித்தது. இரண்டாம் வகைக்கு எதிரான எண் நன்றாகவே இருந்தது, ஆனால் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகையே வந்தது. மொத்தப் பலன் 30 சதவீதம்.

ஒரு விசேஷம். அந்த ஊசி மஞ்சள் காய்ச்சல் ஊசி வைரஸின் உடம்பில் டெங்குவின் சட்டையை மாட்டியது. ஆகவே டெங்குவின் என்எஸ்1 புரதம் அதில் இல்லை. சோதனையில் எடுத்து வைத்திருந்த ரத்தத்தில் பின்னாளில் என்எஸ்1-க்கு ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்துத்தான், யாருக்கு நிஜ டெங்கு வந்திருந்தது, யாருக்கு ஊசி மட்டும் என்று பிரித்தார்கள். உண்மை வெளியே வந்தது அந்த வழியில்தான்.

கொல்லிமலைத் தேன் | வியாழன், காலை 10.15

அப்போ கொரோனா ஊசியும் இப்படித்தானா?

தவாவோ டாக்டர் | வியாழன், காலை 10.50

இல்லை. 2020-இல் இதே பயத்தோடுதான் எல்லாரும் ஆரம்பித்தார்கள், அதனால் முதல் நாளிலிருந்தே தேடினார்கள். கோடிக்கணக்கில் போட்ட பிறகும், ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிட மோசமாக விழும் காட்சி எங்கும் வரவில்லை, நேர் எதிர்தான் வந்தது. கொரோனா பெருகுவது முக்கியமாக மூச்சுக்குழாய், நுரையீரல் செல்களில், டெங்கு மாதிரி துப்புரவு செல்லை நம்பி வாழ்வதில்லை. மறுபடி மறுபடி தொற்றுவது உண்மை, ஆன்டிபாடி குறைவதும் உண்மை. குறைந்த ஆன்டிபாடி அங்கே பயன் குறைந்ததாக ஆகுமே தவிர, கேடாக மாறவில்லை.

குரோம்பேட்டை அப்பா | வெள்ளி, அதிகாலை 2.30

நேற்று காலை காய்ச்சல் விட்டது. குதித்து ஓடினாள், இட்லி கேட்டாள். டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாவிட்டால் பள்ளிக்கு அனுப்பியிருப்போம். மாலை நாலு மணிக்கு வயிற்று வலி, மூன்று தடவை வாந்தி, கை கால் சில்லென்று ஆகிவிட்டது. உடனே கொண்டு போனோம். பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், செவ்வாய் அன்று 36, இப்போது 43. பிளேட்லெட் 48,000. சேர்த்துவிட்டார்கள், டிரிப் ஏறுகிறது. மணிக்கொரு தடவை பிரஷர் பார்க்கிறார்கள். பிளேட்லெட் ஏற்ற வேண்டாமா என்று கேட்டேன், ரத்தம் கசியவில்லை, தேவையில்லை என்றார்கள். சரிதானா?

ஸ்லைடு சரசு | வெள்ளி, காலை 5.10

சரிதான் தம்பி. 36-லிருந்து 43 என்றால் ரத்தம் கெட்டியாகிறது, பிளாஸ்மா வெளியே போகிறது. அதற்கு மருந்து அந்த டிரிப்தான், அளந்து ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு நாள் கட்டம் இது. சிறுநீர் அளவை எழுதி வையுங்கள்.

தவாவோ டாக்டர் | வெள்ளி, காலை 6.00

நேரத்தில் கொண்டு போயிருக்கிறீர்கள். ரத்தக்கசிவு இல்லாமல் எண்ணைப் பார்த்து மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதால் லாபமில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கசிவு நின்றதும் அந்தத் திரவம் ரத்தத்துக்குத் திரும்பும், அப்போது டிரிப்பைக் குறைப்பார்கள். "ஏன் நிறுத்துகிறீர்கள்" என்று சண்டை போடாதீர்கள்.

வேளச்சேரி வித்யா | சனி, காலை 11.20

இழை முழுக்கப் படித்தேன். என் பையனுக்கு ஒன்பது வயது. இப்போது ஏதாவது டெங்கு ஊசி உண்டா? போடலாமா?

தவாவோ டாக்டர் | சனி, மதியம் 12.40

டெங்வாக்ஸியா ஏறக்குறைய கடையைக் கட்டிவிட்டது. ஜப்பானின் டகேடா நிறுவனத்தின் கியூடெங்கா, இரண்டு தவணை, இரண்டாம் வகை டெங்குவையே முதுகெலும்பாக வைத்துச் செய்தது. டெங்கு அதிகம் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதுக்குப் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. முன்பு டெங்கு வராதவர்களுக்கு மூன்றாம், நான்காம் வகைக்கு எதிராக அது காப்பு என்று காட்டப்படவில்லை. அதனால்தான் "அதிகம் பரவும் இடங்களில்" என்ற நிபந்தனை. அங்கே அந்த வயதில் பெரும்பாலோருக்கு ஒரு தடவை வந்திருக்கும் என்ற கணக்கு. இந்தியாவில் பனேசியா பயோடெக்கின் டெங்கிஆல், ஒரே தவணை ஊசி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து 2024 ஆகஸ்டில் ரோத்தக்கில் மூன்றாம் கட்டச் சோதனையை ஆரம்பித்தார்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள், இரண்டு வருஷக் கண்காணிப்பு. உங்கள் பையனின் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள், இங்கே படித்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சந்தேகராமன் | சனி, மதியம் 1.15

இரண்டு வருஷம் போதுமா?

பழைய வைரஸ்காரன் | சனி, மதியம் 2.00

போதாது என்பது என் சொந்தக் கருத்து. டெங்வாக்ஸியாவில் கெட்டது தலைகாட்டியதே மூன்றாம் வருஷத்தில்தான். கியூடெங்காவை நாலரை வருஷம் பின்தொடர்ந்தார்கள். இதையும் அப்படிப் பார்க்க வேண்டும், குறிப்பாக முன்பு வராதவர்களைத் தனியாக. இதில் சந்தேகராமனும் நானும் ஒரே கட்சி.

குரோம்பேட்டை அப்பா | ஞாயிறு, மாலை 5.30

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிசிவி 37, பிளேட்லெட் 92,000, ஏறிக்கொண்டிருக்கிறது. கையெல்லாம் சிவந்து அரிக்கிறது என்கிறாள், அது குணமாகும்போது வருவதுதான் என்றார்கள். எல்லாருக்கும் நன்றி. மாநகராட்சி ஊழியர் வந்து வீட்டைச் சோதித்தார். மொட்டை மாடி, பூந்தொட்டி எல்லாம் சுத்தம். கடைசியில் ஃபிரிட்ஜைத் திருப்பிப் பின்னால் உள்ள தட்டில் டார்ச் அடித்தார். புழு நெளிகிறது.

ஒரே கேள்வி. இனிமேல் அவளுக்கு வருமா?

ஸ்லைடு சரசு | ஞாயிறு, மாலை 6.10

வரலாம், நான்கு வகை இருக்கிறதே. ஆனால் மூன்றாவது நான்காவது தடவை பெரும்பாலும் லேசாகத்தான் போகும். இரண்டு வகையைப் பார்த்த உடம்புக்குப் பரந்த காப்பு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். கார்டு ரிப்போர்ட் எழுத்து ஒரு வருஷத்தில் அழிந்துவிடும், இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள்.

குரோம்பேட்டை அப்பா | ஞாயிறு, மாலை 6.25

எடுத்தாயிற்று அக்கா. இரண்டு பிரதி. ஃபிரிட்ஜ் தட்டையும் கழுவிக் காய வைத்தாயிற்று.